நகம் தட்டுகிறதா பாருங்கள்

நேயர்கள் எல்லோருக்கும் வணக்கமுங்க.

போன வாரம் எங்கள் வீதித் தம்பி ஒருவர் வீட்டுக்கு வந்தார். "ஏனுங்க சார், காருல முன் சக்கரம் ஒன்னு கொதிக்குதுங்க. கேலிப்பர் போயிருச்சு, புதுசு போடோணும்கறாங்க. போட்டுரட்டுங்களா?" என்று கேட்டார். "கழட்டிப் பாத்தாங்களா கண்ணு?" என்றேன். "இல்லீங்க, சக்கரத்தைத் தொட்டுப் பாத்துட்டே சொல்லீட்டாங்க."

கழற்றிப் பார்க்காமல் சொல்கிற இந்தப் பேச்சைப் பற்றித்தான் இன்றைக்கு நான் பேச வந்திருக்கிறேன். பாலிடெக்னிக் பட்டறையில் 32 வருடம் பையன்களுக்கு வேலை சொல்லிக் கொடுத்தவன் நான். ஒரு சாமானைப் பிரித்துப் பார்க்காமல் அது செத்துப் போனது என்று யாராவது சொன்னால் என்னால் தாங்க முடிவதில்லை.

முதலில் கேலிப்பர் என்றால் என்ன? சைக்கிள் பிரேக்கை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு ரப்பர் கட்டைகள் ரிம்மை இரண்டு பக்கமும் கவ்வும், சக்கரம் நிற்கும். காரிலும் அதே கவ்வல்தான். ரிம்முக்குப் பதில் சக்கரத்தோடு சுற்றுகிற ஒரு இரும்புத் தட்டு. அதைக் கவ்வுகிற இடுக்கிதான் கேலிப்பர். சைக்கிளில் கம்பி இழுக்கிறது. காரில் பிரேக் ஆயில் ஒரு பிஸ்டனைத் தள்ளுகிறது, பிஸ்டன் பேட் என்கிற கட்டையைத் தட்டின் மேல் அழுத்துகிறது. வாயகன்ற எவர்சில்வர் டம்ளர் மாதிரி இருக்கும் அந்த பிஸ்டன். அதைச் சுற்றி ஒரு ரப்பர் வளையம், அதுதான் சீல். வெளித் தூசி உள்ளே போகாமல் இன்னொரு ரப்பர் உறை. அவ்வளவுதான்.

அந்த சீல் இருக்கிறதே, அது ஆயிலை மட்டும் தடுப்பதில்லை. பெடலை மிதித்ததும் பிஸ்டன் நகரும். பிஸ்டனோடு ஒட்டிக்கொண்டு சீலும் கொஞ்சம் முறுகும். காலை எடுத்ததும் அந்த முறுக்கு விட்டு, ரப்பர் பழைய நிலைக்குத் திரும்பும்போது பிஸ்டனையும் கூடவே இழுத்து வரும். நம் கார்களின் முன் கேலிப்பரில் பிஸ்டனைத் திருப்பி இழுக்கத் தனி ஸ்பிரிங் கிடையாது, இந்த ரப்பர்தான். ரப்பர் கெட்டித்துவிட்டால் பிஸ்டன் திரும்பாது, பிரேக் பிடித்தபடியே இருக்கும், சக்கரம் கொதிக்கும். குக்கரில் ஆவி கசிந்தால் கேஸ்கட்டை மாற்றுகிறோம், குக்கரையா தூக்கிப் போடுகிறோம்?

சரி, எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். 2011-ல் ஒரு ஞாயிற்றுக்கிழமை. வால்பாறையில் ஒரு விசேஷம் முடித்துவிட்டு நானும் என் மச்சானும் என்னுடைய மாருதி ஜென்னில் இறங்கி வருகிறோம். ஆழியாறு வரை 40 கொண்டை ஊசி வளைவுகள், நேயர்களில் பலர் போயிருப்பீர்கள். பாதி தூரம் இறங்கியதும் வண்டி இடது பக்கமாக இழுக்க ஆரம்பித்தது. ஆழியாறு வந்து நிறுத்தினால், துணி கருகுகிற மாதிரி ஒரு வாடை. இடது முன் சக்கரத்துக்கு ஒரு சாண் தள்ளிக் கையை வைத்தாலே அனல் அடிக்கிறது. டீக்கடைக்காரர் நல்ல மனுஷன், ஒரு வாளி தண்ணீரோடு ஓடி வந்தார். "அண்ணா, ஊத்தாதீங்க, ஊத்தாதீங்க" என்று வாளியைப் பிடித்துக்கொண்டேன். கொதிக்கிற இரும்புத் தட்டில் பச்சைத் தண்ணீர் பட்டால் அது கோணிப்போகலாம், வெடிப்பும் விடலாம். சூடு தானாக ஆற வேண்டும். ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். மச்சான் மூன்று டீ குடித்தார்.

பொள்ளாச்சி வந்து ஒரு ஒர்க்‌ஷாப்பில் காட்டினோம். "ரெண்டு பக்கமும் கேலிப்பர் மாத்தணும், கூலியோட ஒம்பதாயிரம் ஆகும்" என்றார்கள். சக்கரத்தைக்கூடக் கழற்றவில்லை. நான் மெதுவாக, கியரிலேயே வண்டியை அடக்கிக்கொண்டு கோவை வந்து சேர்ந்தேன்.

மறுநாள் கோவையிலேயே கணபதிப் பக்கம் எனக்குத் தெரிந்த ஒரு பெரியவரின் பட்டறை. பிரேக் வேலையைத் தவிர வேறு வேலை செய்ய மாட்டார். கேலிப்பரைக் கழற்றி மேஜையில் வைத்தார். பிஸ்டனுக்கு எதிரே ஒரு மரக்கட்டை, மேலே பழைய வேட்டித் துணி. "கையை எடு தம்பி" என்று சொல்லிவிட்டு ஆயில் போகிற துளையில் காற்றுக் குழாயை வைத்துக் கொஞ்சமாக அடித்தார். டொப் என்று பிஸ்டன் கட்டையில் மோதியது. அங்கே விரல் இருந்திருந்தால் விரல் போயிருக்கும்.

தூசி உறை ஓரத்தில் கிழிந்திருந்தது. அது வழியாகத் தண்ணீர் போய், பிஸ்டன் விளிம்பில் செம்மண் பூசிய மாதிரி துரு. பெரியவர் துணியால் துடைத்துவிட்டு, கண்ணாடியைக்கூடப் போடாமல், கட்டைவிரல் நகத்தை அந்தப் பளபளப்பின் மேல் மெதுவாக ஓட்டினார். இடது பிஸ்டனில் ஒரு இடத்தில் நகம் 'டிக்' என்று தட்டியது. "இது வேண்டாம்" என்று ஓரமாக வைத்தார். வலது பிஸ்டனில் நகம் வழுக்கிக்கொண்டே போனது. "இது இன்னும் பத்து வருசம் வரும்." அதுதான் அவருடைய சோதனை. நகம் தட்டினால் குழி விழுந்திருக்கிறது, அந்தக் குழி சீலை அறுக்கும். தட்டாவிட்டால் கறைதான், துடைத்துவிட்டு மாட்டலாம்.

ஒரு சிலர் உப்புத்தாள் போட்டுக் குழியைத் தேய்த்துவிடுவார்கள். கூடாதுங்க. பளபளப்பு குரோம் பூச்சு. அதைத் தேய்த்துவிட்டால் அடுத்த மழைக்கே உள்ளிருக்கும் எஃகு துருப்பிடிக்கும்.

அப்புறம் சீல் உட்காருகிற பள்ளம். அதற்குள் துரு அடைந்தால் புது சீல் போட்டாலும் பிஸ்டனை இறுக்கும். பெரியவர் மூங்கில் குச்சியைச் சீவி, பல் குத்துகிற மாதிரி சுற்றிச் சுற்றிச் சுரண்டினார். இரும்பு ஊசி தொட விடமாட்டார், கீறல் விழும் என்பார். சீலும் உறையும் சேர்ந்த ரப்பர் கிட் இரண்டு பக்கத்துக்கும், ஒரு பிஸ்டன், பேட் ஒரு செட், ஆயில், கூலி எல்லாம் சேர்த்து எனக்கு ஆனது 2,100 ரூபாய். கேலிப்பர் உடம்பு அதே பழைய இரும்புதான். அந்த வண்டி அதற்கப்புறம் எத்தனையோ தடவை வால்பாறை ஏறி இறங்கிவிட்டது.

மோட்டார் எரிந்தால் காயில் கட்டி ஓட்டுகிற ஊர் நம்முடையது. சங்ககிரியிலும் நாமக்கல்லிலும் லாரியின் ஒவ்வொரு உறுப்பையும் பிரித்து மாட்டத் தெரிந்த கைகள் இருக்கின்றன. நம் கோவையின் ஜி.டி.நாயுடு அவர்கள் ஒரு மோட்டார் சைக்கிளைப் பிரித்து மாட்டித்தான் இயந்திர வேலையைக் கற்றார். 1920-ல் ஒரே பேருந்தோடு பொள்ளாச்சி - பழனி சாலையில் ஓட்டத் தொடங்கினார். அந்த மண்ணில் சக்கரத்தைக் கழற்றாமல் ஒம்பதாயிரம் சொல்வது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

நம் பக்கத்துக் காற்றும் நமக்குச் சாதகம். பனி கொட்டுகிற நாடுகளில் சாலையில் உப்புப் போடுவார்கள், அது கேலிப்பரை அரித்துத் தின்னும். அங்கே பழையதைக் கடையில் ஒப்படைத்துவிட்டு, புதுப்பித்த ஒன்றை வாங்கி வருவது வழக்கம். காங்கேயத்திலும் பல்லடத்திலும் உப்பு ஏது? இங்கே இரும்பு அவ்வளவு சீக்கிரம் கெடுவதில்லைங்க, ரப்பர்தான் முதலில் கெடுகிறது.

இந்த ரப்பர் விஷயத்தில் ஒன்றைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். கேலிப்பரை மண்ணெண்ணெயிலோ பெட்ரோலிலோ டீசலிலோ கழுவாதீர்கள். அந்த ரப்பர் பிரேக் ஆயிலுக்கென்று செய்தது. மண்ணெண்ணெய் பட்டால் ஊறி, உப்பி, பணியாரம் மாதிரி ஆகிவிடும். சாதாரண கிரீஸும் அப்படித்தான். பட்டறையில் என் பையன்களுக்கு இதைக் காட்ட, ஒரு புது சீலை மண்ணெண்ணெயில் ராத்திரி போட்டு வைப்பேன். காலையில் அது பழைய பள்ளத்துக்குள் போகாது. பார்த்த பையன் மறக்கமாட்டான். சுத்தம் செய்யப் புது பிரேக் ஆயிலோ பிரேக் கிளீனரோ போதும். பூச, ரப்பருக்கென்று விற்கிற சிவப்பு கிரீஸ். மறுபடியும் சொல்கிறேன், மண்ணெண்ணெய் வேண்டாம்.

கேலிப்பர்தான் குற்றவாளியா என்பதற்கும் ஒரு சோதனை உண்டு. சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, வண்டிக்கடியில் முட்டுக் கொடுத்துவிட்டு, கையால் சுற்றிப் பாருங்கள். சுற்றவில்லை என்றால் கேலிப்பரில் இருக்கிற நிப்பிளை, அதாவது ஆயிலை வெளியே விடுகிற சின்னத் திருகை, கொஞ்சம் தளர்த்துங்கள். ஆயில் பீச்சி, சக்கரம் விட்டுவிட்டால் கேலிப்பர் மேல் தப்பில்லை. ஆயில் திரும்ப வழியில்லாமல் அடைபட்டிருக்கிறது, பெரும்பாலும் ஆயில் வருகிற ரப்பர் ஹோஸ் உள்ளுக்குள் சுருங்கியிருக்கும். நிப்பிள் திறந்தும் விடவில்லை என்றால் பிஸ்டன் அல்லது கேலிப்பர் சறுக்கி நகருகிற 'பின்' என்கிற கம்பி பிடித்துவிட்டது. அந்தக் கம்பி பிடித்தால் பெரும்பாலும் உள்பக்க பேட் மட்டும் சீக்கிரம் தேயும், அதுவும் ஒரு அடையாளம்.

எப்போது புதுசு வாங்க வேண்டும் என்பதை விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன். நேரம் முடியப்போகிறது என்று ஸ்டுடியோக் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கை காட்டுகிறார்கள், வேகமாகச் சொல்லிவிடுகிறேன். உடம்பில் வெடிப்பு, நிப்பிள் ஒடிந்து மரை போனது, சீல் பள்ளமே குழி விழுந்தது, இந்த மூன்றில் ஒன்று இருந்தாலும் பழையதை விட்டுவிடுங்கள். கை பிரேக்கும் சேர்ந்திருக்கிற பின் சக்கரக் கேலிப்பரில் உள்ளே திருகு அமைப்பு உண்டு, அதைத் தெரிந்தவர் மட்டும் தொட வேண்டும். பேர் தெரியாத மலிவுப் புதுசை விட, நகம் தட்டாத பழைய கம்பெனிச் சாமான் மேல்.

பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். டாட் 4 என்கிற தரத்துப் புது ஆயில் 230 டிகிரிக்குக் கீழே கொதிக்கக் கூடாது என்பது கணக்கு. நூற்றுக்கு நாலு பங்குகூட இல்லாத ஈரம் சேர்ந்தாலே அது 155 வரை இறங்கிவிடலாம். மலைப்பாதையில் அந்தச் சூடு வந்துவிடும், அதனால் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள்.

கடைசியாக ஒன்று. வேலை முடிந்து, ஆயிலுக்குள் போன காற்றை வெளியேற்றி (ஏர் எடுத்து), சக்கரம் மாட்டியதும் உடனே வண்டியை எடுத்துவிடாதீர்கள். பிஸ்டன் பின்னால் தள்ளியிருக்கும், முதல் மிதிக்குப் பெடல் தரையைத் தொடும். நின்ற இடத்திலேயே, பெடல் காலுக்குக் கெட்டியாக நிற்கும்வரை மிதித்துவிட்டு, அப்புறம் கியரைப் போடுங்கள்.

நன்றிங்க, வணக்கம்.