எக்ஸெட்டர் தோற்ற ஆட்டம்

நேயர்களுக்கு வணக்கம்.

இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில் டெவன் என்றொரு மாவட்டம். அதன் தலைநகரம் எக்ஸெட்டர். பழைய தேவாலயம் ஒன்று, ஓர் ஆறு, ஊரைத் தாண்டினால் மாடு மேயும் புல்வெளி. அங்கே ஒரு கால்பந்து கிளப் இருக்கிறது, எக்ஸெட்டர் சிட்டி என்று. இங்கிலாந்தின் முதல் டிவிஷனில் அது ஒரு நாள்கூட ஆடியதில்லை. பெரும்பாலும் மூன்றாவது படியிலும் நாலாவது படியிலுமாக ஏறி இறங்கியே நூறு வருஷத்தை ஓட்டிவிட்டது. ஆனால் அந்த ஊர் ரசிகர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. எதிரணி ரசிகர்கள் கொஞ்சம் அதிகமாகச் சத்தம் போட்டால் இவர்கள் கோரஸாக ஒரு கேள்வி கேட்பார்கள்: "நீங்க எப்பவாச்சும் பிரேசிலோட ஆடியிருக்கீங்களா?"

இவர்கள் ஆடியிருக்கிறார்கள். ஆடித் தோற்றும் இருக்கிறார்கள். 1914 ஜூலை 21, ரியோ டி ஜெனீரோ நகரம், இரண்டுக்குப் பூஜ்யம். பிரேசில் அணியின் வரலாறே அந்த ஆட்டத்திலிருந்துதான் தொடங்குகிறது.

இந்தச் சின்ன கிளப்புக்கு ரியோவில் என்ன வேலை என்று கேட்பீர்கள். இதற்குப் பதில் கால்பந்தில் இல்லை, கப்பலிலும் ரயிலிலும் இருக்கிறது. அந்தக் காலத்துத் தென் அமெரிக்காவில் ரயில் போட்டவர்கள், வங்கி நடத்தியவர்கள், இறைச்சி ஏற்றுமதி செய்தவர்கள் எல்லாம் பெரும்பாலும் பிரிட்டிஷ்காரர்கள். போன இடமெல்லாம் பந்தையும் கொண்டுபோனார்கள். சாவோ பாவ்லோவில் பிறந்து, சவுத்தாம்ப்டனில் படித்து, 1894இல் இரண்டு பந்துகளோடு ஊர் திரும்பிய சார்லஸ் மில்லரைத்தான் பிரேசில் கால்பந்தின் தந்தை என்பார்கள். அவருடைய அப்பா ரயில்வேயில் வேலை பார்த்தவர்.

இன்னொரு வசதி பருவகாலம். இங்கிலாந்தில் மே மாதத்தோடு ஆட்டம் முடிந்துவிடும். செப்டம்பர் வரை மைதானத்தில் புல்தான் வளரும். அதே நேரத்தில் பூமத்திய ரேகைக்குக் கீழே குளிர்காலம், கால்பந்து உச்சத்தில் இருக்கும். சும்மா இருக்கிற அணியைக் கப்பல் ஏற்றிவிட்டால் கிளப்புக்குக் காசு, ஆட்டக்காரர்களுக்கு உலகம் பார்த்த மாதிரி, அங்கே இருக்கிற பிரிட்டிஷ்காரர்களுக்குச் சொந்த ஊர் ஆட்டம் பார்த்த திருப்தி. 1904இல் சவுத்தாம்ப்டன் அணி அர்ஜென்டினா போனது. அடுத்த வருஷம் நாட்டிங்காம் ஃபாரஸ்ட். அந்தச் சிவப்புச் சட்டையில் மயங்கித்தான் அர்ஜென்டினாவின் இண்டிபெண்டியன்டே கிளப் தானும் சிவப்புக்கு மாறியது என்பது அங்கே எல்லோரும் சொல்லும் கதை. 1909இல் எவர்ட்டனும் டாட்டன்ஹாமும் சேர்ந்தே போயின.

இவர்களுக்கெல்லாம் முன்னோடி ஒன்று உண்டு: கொரிந்தியன் கிளப். 1882இல் தொடங்கியது. ஆக்ஸ்போர்ட், கேம்பிரிட்ஜ் படித்த கனவான்களின் அணி. காசு வாங்க மாட்டார்கள், கோப்பைக்காக ஆடுவதும் ரொம்ப காலம் அவர்கள் விதியிலேயே கிடையாது. பெனால்டி கொடுத்தால் இவர்களுடைய கோல்கீப்பர் கம்பத்தில் சாய்ந்து நின்று, அடித்துக்கொள் என்று விட்டுவிடுவாராம். கனவான் வேண்டுமென்றே ஃபவுல் செய்வானா, அப்படிச் செய்துவிட்டால் தண்டனையைத் தடுப்பது முறையா என்ற நியாயம். கொஞ்சம் மிடுக்கு, கொஞ்சம் கிறுக்கு. இவர்கள் 1897இலேயே தென் ஆப்பிரிக்கா போனவர்கள்.

1910 ஆகஸ்டில் பிரேசில் வந்து இறங்கினார்கள். ரியோவில் ஃபுளுமினென்ஸ் கிளப்பைப் பத்துக்கு ஒன்று என்று அடித்தார்கள். சாவோ பாவ்லோவிலும் அதே கதைதான். அந்த ஆட்டங்களைப் பார்த்துச் சொக்கிப்போனவர்களில் போம் ரெட்டிரோ பேட்டைத் தொழிலாளிகள் ஐந்து பேர். அவர்கள் சேர்ந்து 1910 செப்டம்பர் 1ஆம் தேதி ஒரு கிளப் தொடங்கினார்கள். பெயர் வைக்க ரொம்ப யோசிக்கவில்லை. கொரிந்தியன்ஸ்.

பெயர் கனவான்களுடையது, கிளப் கூலிக்காரர்களுடையது. வேர்வையே கௌரவக் குறைவு என்று நினைத்த ஓர் அணியின் பெயரை, வேர்வை சிந்திப் பிழைத்தவர்கள் தூக்கிக்கொண்டு போனார்கள். இன்று பிரேசிலில் பல லட்சம் பேர் உயிராக நினைக்கிற கிளப் அது. 2012இல் யோகோஹாமாவில் உலக கிளப் இறுதிப் போட்டியில் செல்சியை ஒரு கோலில் ஜெயித்தது. மூல கிளப்போ, வேறொன்றோடு இணைந்து, லண்டன் ஓரத்தில் இன்றும் காசு வாங்காமல் ஆடிக்கொண்டிருக்கிறது.

சரி, எக்ஸெட்டருக்கு வருவோம். இதற்கு நேர் எதிரான கதை அது.

1914 மே 22ஆம் தேதி சவுத்தாம்ப்டன் துறைமுகம். ராயல் மெயில் நிறுவனத்தின் ஆண்டீஸ் கப்பல். அதில் ஏறிய எக்ஸெட்டர் ஆட்டக்காரர்கள் சம்பளத்துக்கு ஆடுகிறவர்கள். மேனேஜர் ஆர்தர் சாட்விக், கேப்டன் ஜிம்மி ரிக்பி. அணியின் கோல்கீப்பர் டிக் பிம், ஊருக்குப் பக்கத்திலுள்ள டாப்ஷாம் என்ற துறையில் மீன்பிடிக்கிறவர். கப்பலில் மற்றவர்கள் எப்படியோ, இவருக்குக் கடல் புதிதல்ல.

வெளியூர் ஆட்டத்துக்கு அணியைக் கூட்டிக்கொண்டு போவது என்னவென்று எனக்குக் கொஞ்சம் தெரியும். பள்ளிக்கூடப் பிள்ளைகளை ராத்திரி பஸ்ஸில் ஏற்றி, விடிகாலையில் இறக்கி, பல் விளக்கியதும் மைதானத்துக்கு விரட்டியவன் நான். எட்டு மணி நேரப் பயணத்துக்கே கால் வீங்கிவிடும். இவர்கள் மூன்று வாரம் கப்பலில் போனார்கள். நடுவே சாண்டோஸ் துறைமுகத்தில் கரை இறங்கியவர்களில் சிலர் கடலில் குளித்ததற்காகப் போலீசிடம் மாட்டிக்கொண்டார்களாம். கடற்கரை கண்ட இளவட்டங்கள் வேறு என்ன செய்வார்கள்?

அர்ஜென்டினாவில் ஒரு மாதம் போல ஆடிவிட்டுத் திரும்பும் வழியில்தான் ரியோ. அங்கே நாலு நாளில் மூன்று ஆட்டம். ஜூலை 18, ரியோவாழ் ஆங்கிலேயர்களோடு: மூன்றுக்குப் பூஜ்யம், எக்ஸெட்டர் வெற்றி. மறுநாளே ரியோ நகர அணியோடு: ஐந்துக்கு மூன்று, அதுவும் வெற்றி. ஒரு நாள் ஓய்வு. 21ஆம் தேதி ரியோ, சாவோ பாவ்லோ இரண்டு ஊர்களின் நல்ல ஆட்டக்காரர்களையும் சேர்த்து ஒரே அணியாக நிறுத்தினார்கள். இது சின்ன விஷயமல்ல. இரண்டு ஊருக்கும் ஏழாம் பொருத்தம். பிரேசிலுக்கென்று ஒரு விளையாட்டுச் சம்மேளனமே அதற்கு ஆறு வாரம் முன்னால்தான் உருவாகியிருந்தது.

மைதானம் லாரஞ்செய்ராஸ் பகுதியில், ஃபுளுமினென்ஸ் கிளப்புக்குச் சொந்தமானது. அரண்மனை ஒன்றின் மதிலை ஒட்டிய இடம். பணக்கார வீட்டுக் கூட்டம். ஆண்கள் தொப்பி, பெண்கள் கையுறை. அந்தப் பெண்கள் ஆட்டம் சூடு பிடிக்கும்போது பதற்றத்தில் கையுறையைக் கழற்றிப் பிழிவது போல முறுக்குவார்களாம். போர்த்துகீசிய மொழியில் ரசிகரை 'டோர்சிடோர்' என்பார்கள். முறுக்குகிறவர் என்று பொருள். அந்தச் சொல் பிறந்ததே இந்த மைதானத்துக் கையுறைகளில்தான் என்று ரியோக்காரர்கள் சாதிப்பார்கள். நான் அதை மறுக்கப் போவதில்லை. அழகான கதையைக் கெடுப்பானேன்.

பிரேசில் அணிக்கு அன்று மஞ்சள் சட்டை கிடையாது, வெள்ளை. மஞ்சள் வந்தது 1950 உலகக் கோப்பைத் தோல்விக்குப் பிறகு. கோலில் மார்க்கோஸ் டி மென்டோன்சா, வயது 19. வெள்ளை உடுப்பில் இடுப்பைச் சுற்றி ஊதா ரிப்பன் கட்டி ஆடுகிறவர் என்று பெயர் வாங்கியவர். பெரும்பாலும் வசதியான வீட்டுப் பையன்கள். பிரேசிலில் சம்பளக் கால்பந்து அனுமதிக்கப்பட இன்னும் பத்தொன்பது வருஷம் இருந்தது. முன்வரிசை நடுவில் மட்டும் கொஞ்சம் வேறு மாதிரி ஒருவர்: ஆர்தர் ஃப்ரீடன்ரைக். ஜெர்மானிய வம்சத்து அப்பா, கறுப்பின அம்மா. பிரேசிலின் முதல் பெரிய நட்சத்திரமாகப் போகிறவர்.

முதல் கோல் ஓஸ்வால்டோ கோமஸ். இடைவேளைக்குள்ளேயே இரண்டாவது, ஓஸ்மான் அடித்தது. எக்ஸெட்டர்காரர்கள் விடவில்லை. கட்டையால் அடித்த மாதிரி மோதினார்கள். ஒரு மோதலில் ஃப்ரீடன்ரைக்கின் பல் இரண்டு போனது. வாயில் ரத்தத்தோடு வெளியே போனவர் திரும்பி வந்து ஆடினார் என்று சொல்வார்கள். கோல் எதுவும் திரும்ப விழவில்லை.

அன்றாடம் ஆட்டமே பிழைப்பாக இருந்த தொழிலாளிகள், பொழுதுபோக்குக்கு ஆடிய சீமான் வீட்டுப் பையன்களிடம் தோற்றார்கள். களைத்துப்போயிருந்தார்கள் என்பதும் உண்மை. ஆனால் பிரேசில் பக்கம் யாரும் அதைக் கணக்கில் எடுக்கவில்லை. பந்தைக் கண்டுபிடித்தவர்களை ஜெயித்துவிட்டோம், அதுவும் காசுக்கு ஆடுகிறவர்களை! கூட்டம் மைதானத்துக்குள் புகுந்துவிட்டது. இரண்டு மாதம் கழித்து அதே அணி போனஸ் அயர்ஸ் போய் அர்ஜென்டினாவோடு ஆடி மூன்றுக்குப் பூஜ்யம் என்று தோற்றது, பிறகு ஒன்றுக்குப் பூஜ்யம் என்று ஜெயித்து ரோக்கா கோப்பையை வாங்கி வந்தது. ஆனாலும் முதல் ஆட்டம் எது என்று கேட்டால் எக்ஸெட்டரைத்தான் சொல்வார்கள்.

எக்ஸெட்டர்காரர்களுக்கு அப்போது இதெல்லாம் தெரியாது. டூரில் தோற்ற ஆட்டங்களில் இதுவும் ஒன்று, அவ்வளவுதான். அல்கண்டாரா என்ற கப்பலில் ஏறினார்கள். நடுக்கடலில் இருக்கும்போது, ஆகஸ்ட் 4ஆம் தேதி, பிரிட்டன் ஜெர்மனியோடு போருக்குப் போய்விட்டது. இவர்கள் வீடு திரும்பும் அதே நாட்களில் எதிர்த்திசையில் கொரிந்தியன் கிளப் மூன்றாம் தடவையாக பிரேசில் போய்க்கொண்டிருந்தது. போர்ச் செய்தி எட்டியதும் ஓர் ஆட்டம்கூட ஆடாமல் திரும்பிவிட்டார்கள். அந்தக் கனவான்களில் பலர் பிறகு போர்முனையிலிருந்து திரும்பவே இல்லை.

கப்பல்களின் கதையையும் சொல்லிவிடுகிறேன். போகும்போது ஏற்றிப்போன ஆண்டீஸ், வரும்போது கொண்டுவந்த அல்கண்டாரா, இரண்டையும் கடற்படை எடுத்துக்கொண்டு பீரங்கி பொருத்தியது. 1916 பிப்ரவரி 29ஆம் தேதி வட கடலில் கிரைஃப் என்ற ஜெர்மன் கப்பலை இந்த இரண்டும் சேர்ந்து எதிர்கொண்டன. கிரைஃப் மூழ்கியது. கூடவே அல்கண்டாராவும் மூழ்கியது.

அப்புறம் எக்ஸெட்டர் இந்தத் தோல்வியைக் கிட்டத்தட்ட மறந்தே போனது. பிரேசில் ஒவ்வொரு உலகக் கோப்பையாக வாங்க வாங்கத்தான், வீட்டுப் பரணில் கிடந்த செம்பு தங்கமென்று தெரிந்த மாதிரி, அருமை புரிந்தது. 2003இல் கிளப் கடனில் மூழ்கி, லீகிலிருந்தே கீழே விழுந்து, ரசிகர்களே காசு போட்டு எடுத்து நடத்த வேண்டிய நிலை. மறு வருஷம் பிரேசிலின் பழைய நட்சத்திரங்களின் அணி அந்தச் சின்ன மைதானத்துக்கே வந்து ஆடியது. உலகக் கோப்பை தூக்கிய கேப்டன் டுங்கா வந்தார், கரேக்கா வந்தார். ஒரு கோலில் எக்ஸெட்டர் மறுபடி தோற்றது. 2014இல் நூற்றாண்டு. எக்ஸெட்டர் ரியோவுக்குப் போய் அதே லாரஞ்செய்ராஸ் மைதானத்தில் ஃபுளுமினென்ஸ் இளைஞர் அணியோடு ஆடியது. பிரேசில் தன் சொந்த மண்ணில் ஜெர்மனியிடம் ஏழு கோல் வாங்கி இரண்டு வாரம்கூட ஆகவில்லை. பிரேசிலுக்குத் தன் முதல் வெற்றியை நினைத்துப் பார்க்க அப்போது நல்ல காரணம் இருந்தது.

மீனவர் டிக் பிம் என்ன ஆனார்? போல்ட்டன் கிளப்புக்குப் போனார். வெம்ப்ளியில் நடந்த முதல் எஃப்.ஏ. கோப்பை இறுதிப் போட்டியில், 1923இல், கோல் காத்தார். 1926, 1929 என்று இன்னும் இரண்டு இறுதிப் போட்டிகள். மூன்றிலும் ஒரு கோல்கூட விடவில்லை. இங்கிலாந்துக்கும் ஆடினார். அதன் பிறகு டாப்ஷாமுக்கே திரும்பினார். 95 வயது வரை இருந்தார்.

தென் அமெரிக்காவிலிருந்து அவர் ஒரு கிளி வாங்கி வந்தார். கிளி அணியோடு கொஞ்ச காலம் இருந்து செத்துப்போனது. எக்ஸெட்டர் மைதானத்தில் கோல் கம்பத்துக்குப் பக்கத்தில்தான் அதைப் புதைத்தார்கள் என்று கிழவர்கள் சொல்வார்களாம். எந்தக் கம்பம் என்பதில் மட்டும் ஆளுக்கொரு கருத்து.

வணக்கம்.