கடைப் பலகையில் ஊர்ப் பெயர்

நேயர்களுக்கு வணக்கம்.

பார்வதிபுரம் மேம்பாலத்தில் 2018-இல் வண்டி ஓடத் தொடங்கியது. அடுத்த ஆண்டே நாகர்கோவில் மாநகராட்சி ஆனது. அதிலிருந்து நம்ம தெருக்களின் முகம் மாறிய வேகத்தைக் கடைப் பலகைகளிலேயே பார்க்கலாம்.

கோட்டாறு பக்கம் போனால், கையால் எழுதிய பழைய தகரப் பலகை எங்காவது கண்ணில் படும். கிட்டப் போய்ப் பாருங்கள். நூல் அடித்துக் கோடு போட்டு, அதில் எனாமல் பெயின்டால் எழுதியிருப்பார்கள். ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு பக்கம் நிழல் தீட்டியிருக்கும். அடிவரியில் "கோட்டாறு, நாகர்கோவில்-2". ஓரத்தில் பொடி எழுத்தில் எழுதியவர் பெயர். வெளியூர்க்காரர் யாரிடமும் வழி கேட்க வேண்டியதில்லை.

இப்போதைய பிளெக்ஸ் பலகை மலிவு, ஒரே நாளில் கைக்கு வந்துவிடும். கடைக்காரரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் அந்த அடிவரி போய்விட்டதே! கம்பெனி பெயரும் செல்போன் எண்ணும்தான் இருக்கின்றன. தமிழும் சுருங்கிவிட்டது. பலகையில் தமிழ் மேலே, கூடுதல் இடத்தில் இருக்க வேண்டும் என்று கடைகள், நிறுவனங்களுக்கான மாநில விதியே சொல்கிறது. தமிழுக்காகப் போராடி 1956 நவம்பர் 1-இல் தாய்த் தமிழகத்தோடு சேர்ந்த நம்ம கன்னியாகுமரி மாவட்டம் இது. விதி சொல்லித்தானா நாம் செய்ய வேண்டும்? களியக்காவிளையில் மலையாளமும் கூட இருக்கட்டும், எல்லை ஊருக்கு அதுதான் அழகு.

சுவரோவியத்துக்கும் இதே கணக்குதான். சென்னைக் கண்ணகி நகரில் அடுக்குமாடிச் சுவர்களில் வரைந்தபோது, அங்கே வசிக்கும் சிறுமிகளின் முகங்களையே பெரிதாகத் தீட்டினார்கள். ஊர் பேர் தெரியாத மயிலையும் பூங்கொத்தையும் எங்கும் வரையலாம். நம்ம மேம்பாலத் தூண்களில் தோவாளையில் பூக்கட்டும் கைகள் வரட்டும், பனையேறி வரட்டும், குளச்சல் கட்டுமரம் வரட்டும். எது வரைவது என்பதை அந்தத் தெருக்காரர்களிடம் கேட்ட பிறகே தூரிகையை எடுக்க வேண்டும். கேட்காமல் வரைந்தால் அது சுவருக்கு அடித்த வெறும் வர்ணம்.

பலகை எழுதும் பெயின்டர்கள் நம்மிடையே இன்னும் இருக்கிறார்கள். தேர்தல் வந்தால்தான் அவர்களைத் தேடுகிறோம். புதிதாகக் கடை திறப்பவர்கள் ஒரு பலகையாவது அவர்கள் கையால் எழுதி வாங்குங்கள். வடசேரியோ வேப்பமூடோ, இடத்தின் பெயரை அடியில் மறக்காமல் எழுதச் சொல்லுங்கள்.

நன்றி, வணக்கம்.