பூஞ்சை பிடித்த தீவனமும் உறையாத இரத்தமும்

(காட்சி: சமையலறை மேடையில் உரித்த பூண்டு, இஞ்சி, மஞ்சள் கிழங்கு. அவற்றின் அருகில் ஒரு மாத்திரை அட்டை.)

வணக்கம். பூண்டு, இஞ்சி, மஞ்சள், பட்டை ஆகியவற்றை நாள்தோறும் உண்டு வந்தால் காலின் சிரைகளில் இரத்தம் உறையாது என்று சொல்லும் பதிவுகள் கைப்பேசிகளில் ஓயாமல் சுற்றி வருகின்றன. அவற்றை முழுப் பொய் என்று ஒதுக்கிவிடவும் முடியாது. ஏனெனில், இரத்த உறைவைத் தடுக்க மருத்துவமனைகளில் கொடுக்கப்படும் முதன்மையான மருந்துகளில் பல, இயற்கையில் கண்டெடுக்கப்பட்ட பொருள்களிலிருந்து பிறந்தவையே. ஆனால் அவை பிறந்த கதையைக் கேட்டால், பூண்டுப் பல்லுக்கும் அந்த மாத்திரைக்கும் நடுவே எவ்வளவு தொலைவு இருக்கிறது என்பது தெரிந்துவிடும்.

(காட்சி: கெண்டைக்காலின் உட்புற வரைபடம். தசைகளுக்கு நடுவே நீல நிறச் சிரைகள்.)

காலுக்கு இறங்கிய இரத்தம் இதயத்துக்குத் திரும்ப மேல்நோக்கி ஏற வேண்டும். அதைத் தள்ளிவிடுவது பெரும்பாலும் கெண்டைக்கால் தசைதான். நடக்கும்போது அது சுருங்கிச் சிரைகளைப் பிழிகிறது, சிரைகளுக்குள் இருக்கும் வால்வுகள் இரத்தம் கீழே திரும்பாமல் பார்த்துக்கொள்கின்றன. நடை நின்றால் ஓட்டம் மந்தமாகிறது. ஓட்டம் மந்தமாவது, இரத்தக்குழாயின் உட்சுவர் காயப்படுவது, இரத்தத்தின் உறையும் தன்மை கூடுவது ஆகிய மூன்றும்தான் சிரை உறைவுக்கு அடிப்படை என்று மருத்துவ மாணவர்கள் இன்றும் படிக்கிறார்கள். அந்த மூன்றும் 19ஆம் நூற்றாண்டின் ஜெர்மானிய மருத்துவர் ருடால்ஃப் விர்கோவின் பெயரால் வழங்குகின்றன.

இரண்டாம் உலகப் போரின்போது, 1940இல், லண்டன் மக்கள் குண்டுவீச்சுக்கு அஞ்சிப் பாதுகாப்பு அறைகளில் சாய்வு நாற்காலிகளில் இரவைக் கழித்தார்கள். நாற்காலியின் முன்கட்டை தொடையின் பின்புறத்தை மணிக்கணக்கில் அழுத்தியது. குண்டு படாமலே அங்கே சிலர் திடீரென்று இறந்தார்கள். காலில் உறைந்த கட்டி பிய்ந்து போய் நுரையீரல் தமனியை அடைத்ததே காரணம் என்று தடயவியல் மருத்துவர் கீத் சிம்ப்சன் எழுதினார்.

இங்கே ஒரு வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். இரத்தம் விரைந்து ஓடும் தமனிகளில் உருவாகும் கட்டியில் தட்டணுக்கள் (பிளேட்லெட்டுகள்) மிகுந்திருக்கும். மெதுவாக ஓடும் சிரைகளில் உருவாகும் கட்டியோ, ஃபைப்ரின் என்னும் புரத இழைகளின் வலையில் சிவப்பணுக்கள் சிக்கிக்கொண்டு உருவாவது. ஆகவே, சிரை உறைவைத் தடுக்க வேண்டுமானால் முதலில் அந்த வலை பின்னப்படுவதைத் தடுக்க வேண்டும். அதைச் செய்யும் பொருள் ஒரு மாட்டுத் தொழுவத்திலிருந்து கிடைத்தது.

(காட்சி: பனி மூடிய பண்ணை. ஒரு பழைய பால் கேன்.)

1920களில் கனடாவிலும் அமெரிக்காவின் வடக்குப் புல்வெளி மாநிலங்களிலும் மாடுகள் காரணம் தெரியாமல் இறந்தன. கொம்பு நீக்கிய காயத்திலிருந்து வழிந்த இரத்தம் நிற்கவே இல்லை; சில மாடுகள் வெளிக்காயம் எதுவுமின்றி உள்ளுக்குள்ளேயே இரத்தம் கசிந்து செத்தன. ஸ்வீட் குளோவர் என்னும் தீவனப் பயிர் ஈரத்தில் பூஞ்சை பிடித்துக் கெட்டுப்போன பிறகு அதைத் தின்ற மாடுகளுக்கே இந்நோய் வருகிறது என்பதைக் கனடாவின் கால்நடை மருத்துவர் ஃபிராங்க் ஸ்கோஃபீல்டு கண்டறிந்தார். நல்ல தீவனத்தைத் தின்ற மாட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை.

1933 பிப்ரவரியில், பனிப்புயல் வீசிய ஒரு சனிக்கிழமையன்று, விஸ்கான்சின் மாநில விவசாயி ஒருவர் ஏறத்தாழ 300 கிலோமீட்டர் வண்டியோட்டி மேடிசன் நகருக்கு வந்தார். செத்துப்போன கிடாரி ஒன்று, கெட்ட தீவனம் ஒரு சுமை, பால் கேன் நிறைய உறையாத இரத்தம்: இவைதான் அவர் கொண்டுவந்தவை. அவர் தேடிப்போன கால்நடை அலுவலகம் பூட்டியிருந்தது. திறந்திருந்தது பல்கலைக்கழகத்தின் உயிர்வேதியியல் கூடம். அங்கிருந்த பேராசிரியர் கார்ல் பால் லிங்க், தீவனத்தை மாற்றச் சொல்வதைத் தவிர அப்போது வேறு உதவி எதையும் செய்ய முடியாமல் விவசாயியை அனுப்பிவைத்தார். ஆனால் அந்தக் கேன் அங்கேயே இருந்தது. அவருடைய மாணவர் ஷோஃபெல் அந்த இரத்தத்தில் கையை விட்டு அளைந்தபடி புலம்பிக்கொண்டே இருந்ததாக லிங்க் பின்னாளில் நினைவுகூர்ந்தார்.

ஆறாண்டுகள் கழித்து, 1939இல், லிங்க்கின் ஆய்வகத்தில் டைகுமரால் என்னும் பொருள் படிகமாகப் பிரிக்கப்பட்டது. அந்தப் பயிரில் இயல்பாகவே இருப்பது கூமரின்; அப்போதுதான் அறுத்த புல்லுக்கு வரும் இனிய மணம் அதனுடையதே. அந்தக் கூமரினுக்கு இரத்தத்தை உறையாமல் தடுக்கும் ஆற்றல் கிடையாது. பூஞ்சைதான் அதை மாற்றி டைகுமராலை ஆக்குகிறது. இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு: பட்டையில் கூமரின் இருக்கிறது, எனவே பட்டைக் கஷாயம் இரத்தத்தை நீர்க்கச் செய்யும் என்று எழுதுகிறவர்கள் இரண்டு வேறு பொருள்களை ஒன்றென்று மயங்குகிறார்கள். கடைகளில் மலிவாகக் கிடைக்கும் கேசியா வகைப் பட்டையில் கூமரின் மிகுதி. அதை அளவுக்கு மீறி நெடுநாள் உண்டால் கல்லீரல்தான் பாதிக்கப்படும்.

டைகுமராலின் வழியில் லிங்க்கின் குழு உருவாக்கிய இன்னொரு பொருள் 1948இல் எலி மருந்தாக விற்பனைக்கு வந்தது. ஆய்வுக்குப் பணம் கொடுத்த விஸ்கான்சின் முன்னாள் மாணவர் ஆராய்ச்சி அறக்கட்டளையின் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து அதற்கு வார்ஃபரின் என்று பெயர் வைத்தார்கள். 1951இல் அமெரிக்கப் படைவீரர் ஒருவர் உயிரை மாய்த்துக்கொள்ள அந்த எலி மருந்தை உட்கொண்டார். வைட்டமின் கே கொடுத்ததும் பிழைத்துவிட்டார். முறிமருந்து கைவசம் இருக்கிறது என்பது உறுதிப்பட, 1954இல் வார்ஃபரின் மனிதர்களுக்கான மருந்தாக ஏற்கப்பட்டது. இந்தியாவில் பரவலாக எழுதித் தரப்படும் அசெனோகுமராலும் இதே குடும்பத்தைச் சேர்ந்ததே.

(காட்சி: கல்லீரல் வரைபடம், அதில் 2, 7, 9, 10 என்ற எண்கள் ஒளிர்கின்றன.)

உறைதலுக்குத் தேவையான 2, 7, 9, 10 எண்ணுள்ள காரணிகள் என்னும் புரதங்களைக் கல்லீரல் செய்து முடிக்க வைட்டமின் கே வேண்டும். ஒருமுறை பயன்பட்ட வைட்டமினை உடல் புதுப்பித்து மறுபடி பயன்படுத்துகிறது. அந்தப் புதுப்பித்தலை வார்ஃபரின் தடுக்கிறது. அதனால் காரணிகள் அரைகுறையாக வெளிவருகின்றன, ஃபைப்ரின் வலை பின்னப்படுவது தாமதமாகிறது. மருந்து குறைந்தால் கட்டி உண்டாகும், கூடினால் இரத்தம் கசியும். இரண்டுக்கும் நடுவே உள்ள வரப்பு மிகக் குறுகியது என்பதால்தான் இரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்பதைக் காட்டும் ஐ.என்.ஆர். என்னும் பரிசோதனையைத் திரும்பத் திரும்பச் செய்து, சிரை உறைவு நோயாளிகளுக்கு அதைப் பொதுவாக 2 முதல் 3 வரை நிறுத்துகிறார்கள்.

உறைவைத் தடுக்கும் மற்ற மருந்துகளைச் சுருக்கமாகவே சொல்லலாம். ஹெப்பாரின் 1916இல் நாயின் கல்லீரலிலிருந்து முதலில் பிரிக்கப்பட்டது. இன்று பெரும்பாலும் பன்றிக் குடலின் உட்சவ்விலிருந்து எடுக்கப்படுகிறது. அறுவை சிகிச்சைக்குப் பின் படுக்கையில் கிடப்பவர்களுக்கு வயிற்றுத் தோலில் போடப்படும் சிறு ஊசி இதன் வழிவந்ததே. சித்த மருத்துவத்தில் அட்டை விடல் என்றொரு புற மருத்துவ முறை உண்டல்லவா, அந்த அட்டையின் உமிழ்நீரில் இரத்தத்தை உறையவிடாத பொருள் ஒன்று இருப்பதை 1884இல் ஜான் ஹேக்ராஃப்ட் காட்டினார். அதுவே ஹிருடின், அதை ஒட்டி அமைத்த பைவாலிருடின் என்னும் மருந்து இதய நோய்ப் பிரிவுகளில் பயன்படுகிறது.

ஜப்பானியர் உண்ணும் நாட்டோ, சோயா மொச்சையை நொதிக்கவைத்துச் செய்த, நூல் இழுக்கும் உணவு. அதிலிருந்து ஃபைப்ரினைக் கரைக்கும் நாட்டோகைனேஸ் என்னும் நொதியைப் பிரித்துத் துணை உணவாக விற்கிறார்கள். ஆனால் நாட்டோவில் வைட்டமின் கே ஏராளம். வார்ஃபரின் உண்பவர்கள் நாட்டோவைத் தொடக் கூடாது என்றே ஜப்பானிய மருத்துவர்கள் சொல்கிறார்கள்! ஒரே கிண்ணத்தில் கரைப்பதும் உறையவைப்பதும் சேர்ந்தே இருக்கின்றன.

இனி பூண்டுக்கு வருவோம். பூண்டை நசுக்கும்போது உண்டாகும் கந்தகச் சேர்மங்களும், இஞ்சியின் காரப் பொருள்களும் ஆய்வகத்தில் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டுவதைக் குறைக்கின்றன. ஆனால் சிரைக் கட்டியில் தலைமை வகிப்பது தட்டணு அன்று. மஞ்சளின் குர்குமினோ குடலிலிருந்து இரத்தத்துக்குள் மிகக் குறைவாகவே போய்ச் சேர்கிறது. ரசத்தில் தட்டிப்போடும் நான்கு பல் பூண்டு காலில் உறைவு வராமல் காக்கும் என்று நம்பி மருந்தை நிறுத்துவது ஆபத்து. அதே பூண்டை அடர்த்தியான மாத்திரைகளாக்கி வார்ஃபரினோடு சேர்த்து உண்பதும் இரத்தக் கசிவுக்கு இடம் கொடுக்கும். அறுவை சிகிச்சைக்குச் செல்கிறவர்கள் இத்தகைய மாத்திரைகளை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

கீரையைப் பற்றிய அச்சமும் பாதிதான் சரி. முருங்கைக் கீரையிலும் பசலையிலும் வைட்டமின் கே மிகுதி என்பது உண்மை. அதற்காக வார்ஃபரின் உண்பவர் கீரையையே விட்டுவிட வேண்டியதில்லை. வாரத்துக்கு இரண்டு நாள் என்று வழக்கம் இருந்தால் அதே அளவில் தொடரலாம். இரண்டு மாதம் தொடாமல் இருந்துவிட்டு, ஊருக்குப் போன இடத்தில் ஒரு வாரம் முழுக்க முருங்கைக் கீரையாகவே உண்டால்தான் கணக்குத் தப்பும். ரிவரோக்சபான், அபிக்சபான் போன்ற புதிய மாத்திரைகள் வேறு வழியில் செயல்படுவதால், அவற்றுக்கு இந்தக் கீரைக் கணக்குத் தேவையில்லை.

(காட்சி: இரண்டு கால்கள் அருகருகே; ஒன்று மட்டும் வீங்கியிருக்கிறது.)

ஒரு கால் மட்டும் வீங்கி, கெண்டைக்கால் வலித்து, தொட்டால் சூடாக இருந்தால், எண்ணெய் தேய்த்து உருவிவிடாமல் அன்றைக்கே மருத்துவரிடம் காட்டுங்கள். டாப்ளர் ஸ்கேனில் சிரையைப் பார்த்துவிடலாம். அத்துடன் மூச்சுத் திணறலோ நெஞ்சு வலியோ சேர்ந்தால் 108க்கு அழையுங்கள்.