ஃபெட்ச் சைஸ் போட்டும் மெமரி ஏன் நிரம்புது?

[திரை: சர்வர் லாக். கடைசி வரி சிவப்பில்: "அவுட் ஆஃப் மெமரி எரர்: ஜாவா ஹீப் ஸ்பேஸ்"]

தை அறுவடை முடிஞ்சு, மன்னார்குடிப் பக்கம் ஒரு நெல் கொள்முதல் கணக்கு மென்பொருள்ல வருஷ ரிப்போர்ட் எடுக்கிறாங்கன்னு வெச்சுக்குவோம். டேபிள்ல 30 லட்சம் வரி. தேதி, நிலையம், பட்டம், 40 கிலோ சிப்பம் எத்தனை, ஈரப்பதம் எவ்வளவு. குவரில தப்பு இல்ல, இண்டெக்ஸும் இருக்கு. ஆனா ரிப்போர்ட் வர்றதுக்குள்ள அப்ளிகேஷன் விழுந்துடுது.

காரணம் டிரைவர், அதாவது ஜாவா அப்ளிகேஷனையும் டேட்டாபேஸையும் இணைக்கிற மென்பொருள். போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸோட ஜேடிபிசி டிரைவர் நாம எதுவும் சொல்லலைன்னா, ரிசல்ட் மொத்தத்தையும் மெமரிக்குக் கொண்டுவந்துட்டுத்தான் முதல் வரியையே நம்ம கையில குடுக்கும். வரிக்கு 400 பைட்னா 30 லட்சத்துக்கு 1.2 ஜிபி. வரியில இருக்கிற ஒவ்வொரு கட்டமும் தனித்தனி பைட் அர்ரேயா உட்காருறதால உண்மையில இன்னும் கூடும். ஹீப், அதாவது ஜாவாவுக்கு ஒதுக்கின மெமரி, 1 ஜிபிதான். எப்படித் தாங்கும்?

[திரை: ஸ்டேட்மென்ட்டில் ஃபெட்ச் சைஸ் 5000 என்று வைக்கும் வரி]

உடனே எல்லாரும் செய்யறது இது. ஃபெட்ச் சைஸை, அதாவது ஒரு தடவைக்கு எத்தனை வரி எடுக்கணும்ங்கறதை, 5000ன்னு போட்டுட்டு மறுபடி ஓட்டுவாங்க. அதே எர்ரர் வரும். ஏன்னா ஆட்டோ கமிட் (ஒவ்வொரு குவரியும் முடிஞ்சதும் டிரான்சாக்ஷனைத் தானா முடிக்கிற செட்டிங்) ஆன்ல இருந்தா இந்த டிரைவர் ஃபெட்ச் சைஸைக் கண்டுக்கவே கண்டுக்காது. எச்சரிக்கைகூடக் குடுக்காது. எனக்கு இதுல கோபமே அந்த மௌனம்தான். 

கொஞ்சம் கொஞ்சமா எடுக்க, எதுவரை படிச்சோம்னு சர்வர் பக்கம் நினைவு வெச்சிருக்கிறது கர்சர். அது திறந்திருக்கணும்னா டிரான்சாக்ஷன் திறந்திருக்கணும். அதனால குவரி ஓட்டறதுக்கு முன்னாடி ஆட்டோ கமிட்டை ஃபால்ஸ் பண்ணுங்க. ரிசல்ட் செட் முன்னாடி மட்டும் நகர்ற வகையா இருக்கணும். இயல்பா அதுதான் இருக்கும், யாராவது ஸ்க்ரோல் வகையா மாத்தியிருக்காங்களான்னு மட்டும் பாருங்க. அரைப்புள்ளி போட்டு ரெண்டு குவரியை ஒண்ணா அனுப்பாதீங்க. ஸ்பிரிங்ங்கற ஜாவா ஃப்ரேம்வொர்க்ல வேலை செய்யறவங்க அந்த மெத்தடை டிரான்சாக்ஷனல் ஆக்கினா ஆட்டோ கமிட் தானா அணைஞ்சிடும்.

[திரை: புதிய எர்ரர்: "போர்ட்டல் சி_1 டஸ் நாட் எக்ஸிஸ்ட்"]

அடுத்து இது வரும். 17 சதவீதத்துக்கு மேல ஈரப்பதம் உள்ள வரிகளைப் படிச்சுக்கிட்டே, அதே கனெக்ஷன்ல இன்னொரு டேபிள்ல எழுதி, நடுவுல கமிட் பண்ணிடுவோம். கமிட் ஆனதும் கர்சர் மூடிடும். அடுத்த 5000 கேட்கும்போது போர்ட்டல், அதாவது அந்தக் கர்சர், இருக்காது. படிக்க ஒரு கனெக்ஷன், எழுத ஒரு கனெக்ஷன்னு பிரிச்சிடுங்க.

இன்னொரு கூத்து: டிரைவர் 5000, 5000ஆக் குடுக்கும், நம்ம கோடு அத்தனையையும் ஒரு லிஸ்ட்ல சேர்த்துக்கிட்டே போகும். முறை வெச்சுத் தண்ணி விட்டாலும் வடிகால் அடைச்சிருந்தா வயல் மூழ்கத்தான் செய்யும். வரி வர வர ஃபைல்ல எழுதிட்டு விட்டுடுங்க.

[திரை: கணக்கு]

ஃபெட்ச் சைஸ் எவ்வளவுன்னு எப்படி முடிவு பண்றது? தஞ்சாவூர் ஆபீஸ்ல இருந்து கிளவுட் சர்வருக்குப் போய்வர 30 மில்லிசெகண்ட்னு வெச்சுக்குவோம். 100 வரியா எடுத்தா 30,000 தடவை போய்வரணும். அந்தக் காத்திருப்பே 15 நிமிஷம். 5000ஆ எடுத்தா 600 தடவை, 18 செகண்ட். ஒரு தடவைக்கு மெமரி 2 எம்பி சொச்சம். ஆரக்கிள்ல சிக்கல் நேரெதிர்: அங்க இயல்பு அளவு 10. அதே 30 லட்சத்துக்கு 3 லட்சம் தடவை, ரெண்டரை மணி நேரம். மெமரி நிரம்பாது, ஆனா ரிப்போர்ட்டும் வராது.

மைஎஸ்கியூஎல்ல ரெண்டு வழி. ஃபெட்ச் சைஸா இன்டிஜரோட மிகக் குறைந்த மதிப்பைக் குடுத்தா வரி வரியா ஓடும். ஆனா முழுசா படிச்சு முடிக்கிற வரைக்கும், இல்ல மூடுற வரைக்கும் அந்தக் கனெக்ஷன்ல வேற குவரி ஓடாது. இல்லைன்னா கனெக்ஷன் முகவரியில யூஸ்கர்சர்ஃபெட்ச்சை ட்ரூ ஆக்கி சாதாரண எண் குடுங்க. அப்போ சர்வர் தற்காலிக டேபிள்ல ரிசல்ட்டை வெச்சுக்கும், முதல் வரி வரக் கொஞ்சம் தாமதமாகும்.

[திரை: போஸ்ட்கிரெஸ் சர்வர் லாக்]

சரியா வேலை செய்யுதான்னு பார்க்க, டெஸ்ட் சர்வர்ல லாக் ஸ்டேட்மென்ட்ங்கற செட்டிங்கை ஆல் ஆக்கிட்டு ஓட்டுங்க. இங்க பாருங்க, முதல்ல ஒரு "எக்ஸிக்யூட்", அதுக்குக் கீழ வரிசையா "எக்ஸிக்யூட் ஃபெட்ச் ஃப்ரம்". ஒரே ஒரு எக்ஸிக்யூட்டோட நின்னுட்டா, பெரும்பாலும் ஆட்டோ கமிட் எங்கயோ இன்னும் ஆன்ல இருக்கு. கனெக்ஷன்களைத் தயாரா வெச்சிருக்கிற பூலோட செட்டிங்ல தேடுங்க. ஹிகாரிங்கற பூல்ல அது இயல்பாவே ட்ரூ.