சுற்றிய சுகம் வீட்டில்தான் தெரியும்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அனைவருக்கும் வணக்கம்.

ஓராண்டு ஊர் ஊராகச் சுற்றியவருக்கு அதிக இன்பம் தருவது பயணமா, திரும்பி வந்து சேரும் வீடா என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு முன் பேசிய நண்பர், "பயணம்தான் ஆண்டை நீளமாக்குகிறது, வீட்டிலேயே இருப்பவருக்கு எல்லா நாளும் ஒரே நாள்தான்" என்றார். நன்றாகத்தான் பேசினார், நானும் கைதட்டினேன்.

ஆனால் அந்த ஆண்டு நீளமாக இருந்தது என்று அவருக்கு எப்போது தெரிந்தது? ஓடிக்கொண்டிருந்தபோது அவர் நினைப்பெல்லாம் அடுத்த ரயில், அடுத்த அறை, போனில் எத்தனை சதவீதம் சார்ஜ் இருக்கிறது என்பதுதான். மார்ச்சில் ஏறிய மலையையும் அக்டோபரில் பார்த்த கடலையும் சேர்த்துவைத்துப் பார்க்க ஓரிடத்தில் உட்கார வேண்டும். அந்த இடத்துக்கு வாடகை மணிக்கணக்கில் ஓடக் கூடாது.

நெதர்லாந்தில் 1,530 பேரை வைத்துச் செய்த ஓர் ஆய்வு 2010-இல் வெளிவந்தது. விடுமுறைப் பயணம் போனவர்கள், போகாதவர்களைவிட அதிக மகிழ்ச்சியோடு இருந்தது எப்போது தெரியுமா? கிளம்புவதற்கு முன்னால்! திரும்பிய பிறகு இரு தரப்புக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. உடனே எதிரணியில் பேனாவை எடுத்துவிட்டார்கள், "திரும்பினால் இன்பம் இல்லை" என்று குறித்துக்கொள்ள. கொஞ்சம் பொறுங்கள். கிளம்புவதற்கு முன் அவர்கள் எங்கே இருந்தார்கள்? வீட்டில்தானே! இன்னொன்றும் அதில் இருக்கிறது. திரும்பிய பிறகும் யாருக்குக் கொஞ்சம் மகிழ்ச்சி மிச்சம் இருந்தது என்றால், பயணத்தை மிகவும் ஓய்வாகக் கழித்தவர்களுக்கு. அதாவது, வெளியூர் போயும் வீட்டில் இருப்பதைப் போல இருந்தவர்களுக்கு.

சரி, தூக்கத்துக்கு வருவோம். புது இடத்தில் முதல் இரவு நம் மூளை முழுதாக உறங்குவதில்லை, இடது பாதி அரைத் தூக்கத்தில் காவல் காக்கிறது என்று பிரௌன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016-இல் கண்டறிந்தார்கள். ஓயாமல் அறை மாற்றிய நம் நண்பரை நினைத்துப் பாருங்கள். ஒவ்வொரு புது அறையிலும் பாதி மூளையை வாசலில் காவலுக்கு நிறுத்திவிட்டு மீதியோடு தூங்கியிருக்கிறார். அவர் வாதம் இன்று இப்படி இருப்பதற்கு அதுதான் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன், நடுவர் அவர்களே, நாகரிகம் கருதி.

அப்புறம், நேர வலயம் தாண்டிப் பறந்தவர்கள். உடலின் கடிகாரம் ஏறத்தாழ ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம்தான் நகர்ந்து கொடுக்கும். கிழக்கே போனால் இன்னும் அடம்பிடிக்கும். உடம்பு ஊர் வந்து சேரும்போது, பாதிப் பேருக்குக் கிளம்பும் நாள் வந்துவிடுகிறது!

வீட்டிலோ இருட்டில் கை தானாக ஸ்விட்சுக்குப் போகிறது. வெந்நீர்க் குழாயை எந்தப் பக்கம் திருப்புவது என்று ஆராய்ச்சி இல்லை. இதெல்லாம் ஒரு பெருமையா என்று எதிரணி சிரிக்கிறது. ஓராண்டு அலைந்தவரைக் கேளுங்கள், எவ்வளவு பெருமை என்று சொல்வார்.

பயணமே வேண்டாம் என்று எங்கள் அணி சொல்லவில்லை. போகாதவருக்குத் திரும்பும் இன்பமும் கிடையாது, ஒப்புக்கொள்கிறேன். நம் முல்லைத் திணைத் தலைவனைப் பாருங்கள். போர் முடித்து வருகிறான். வழியெல்லாம் காடு பூத்திருக்கிறது, மான்கள் துணையோடு திரிகின்றன. அத்தனையும் அவன் கண்ணில் படுகிறது. பார்த்துவிட்டுப் பாகனிடம் என்ன சொல்கிறான்? "நிறுத்து, இரண்டு நாள் தங்கிப் பார்ப்போம்" என்றா? "தேரை விரைந்து செலுத்து" என்கிறான்!

மணி அடித்துவிட்டீர்கள். அடுத்துப் பேசவரும் எதிரணித் தோழியிடம் ஒன்று கேட்டுவிட்டு அமர்கிறேன். பயணத்தில் எடுத்துக் குவித்த படங்களை நீங்கள் ஒவ்வொன்றாக, நிதானமாக, சிரித்துச் சிரித்துப் பார்த்தது எந்த விமான நிலையத்தில், அம்மா?