வெள்ளை ஐரிஸ் மறுபடி பூத்துவிட்டது, பெயர்தான் இன்னும் சிக்கவில்லை

வணக்கம், வணக்கம். இன்றைக்கு உரக்குழி பற்றிப் பேசுகிறேன் என்று சொல்லியிருந்தேன், அது அடுத்த வாரம். முதலில் இதைப் பாருங்கள்! வசந்தத்தில் பூத்து ஓய்ந்த அதே வெள்ளை ஐரிஸ் கொத்து, இலையுதிர் காலத்தில் மறுபடி இரண்டு தண்டு விட்டிருக்கிறது. பூத்த கிழங்கு திரும்பப் பூக்காது, அதன் இடுப்பில் முளைத்த பக்கக் கன்றுகள்தான் ஒரே கோடையில் முற்றிப் பூத்திருக்கின்றன. வெயில் காலம் முழுக்க நான் தண்ணீர் விட்டுக்கொண்டே இருந்தேனே, அது வீண்போகவில்லை.

சரி, பெயர் விஷயத்துக்கு வருகிறேன். போன வீடியோவைப் பார்த்த பலர் இது 'இம்மார்ட்டாலிட்டி'தான் என்று அடித்துச் சொன்னீர்கள். லாயிட் சர்பிரிக் உருவாக்கி 1982இல் பதிவான ரகம், வெள்ளை, இரண்டு முறை பூக்கும், பல தோட்டங்களில் இருக்கிறது. எல்லாம் சரி. ஆனால் அதே சர்பிரிக்கின் 'ஐ டூ'வும் வெள்ளைதான், அதுவும் மறுபடி பூக்கும். ஒரே ஒரு படத்தைப் பார்த்துப் பெயர் வைப்பது எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது. தவறான பெயரோடு ஒரு கிழங்கைக் கொடுத்தால், வாங்கியவர் அதே பெயரில் இன்னும் பத்துப் பேருக்குக் கொடுப்பார். அப்புறம் யார் திருத்துவது?

அதனால் அளந்தேன். மண்ணிலிருந்து தண்டு உச்சி வரை 74 செ.மீ. 70ஐத் தாண்டினால் உயர வகை, ஆகவே குட்டை, நடுத்தர ரகங்கள் எல்லாம் கழிந்தன. இருங்கள், ஒன்றை விட்டுவிட்டேன், வசந்தத்தில் இதே கொத்து 82 இருந்தது. ஒரு பருவத்து அளவை மட்டும் வைத்து முடிவுகட்டக் கூடாது, அதனால் இரண்டையும் எழுதி வைத்திருக்கிறேன்.

கிட்டே வாருங்கள். நிமிர்ந்த மூன்று இதழும் தொங்கும் மூன்று இதழும் ஒரே வெள்ளை. தொங்கும் இதழின் நடுவே இந்தத் தாடி இருக்கிறதல்லவா, அதுவும் வெள்ளை, நுனியில் மட்டும் எலுமிச்சை மஞ்சளைத் தொட்டு வைத்தது போல. விரியாத மொட்டில் லேசாக நீலம் ஓடுகிறது, விரிந்ததும் அது போய்விடுகிறது. இலையின் அடியில் ஊதாச் சாயம் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும், இதில் இல்லை, வெறும் பச்சை. படம் எடுப்பவர்கள் பூவை மட்டும் எடுக்காமல் இதையெல்லாம் சேர்த்து எடுங்கள்.

இப்போது என் கோபம். கிழங்கைப் பிரித்து நட்ட வீடியோ நினைவிருக்கும், அன்று மண்ணுக்குள் ஒரு பிளாஸ்டிக் பட்டை கிடைத்தது. முன்பு இந்தத் தோட்டத்தை வைத்திருந்தவர் அக்கறையாகப் பெயர் எழுதிக் குத்தியிருக்கிறார். துடைத்துப் பார்த்தேன், வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன், ஓர் எழுத்து இல்லை! அழியாத மை என்று விற்கிற பேனாவில் எழுதியிருப்பார், நானும் அதே பேனாவில் எழுதிய பட்டைகள் இரண்டே வருடத்தில் வெளுத்துப்போனதைக் காட்டினேனே. தயவுசெய்து மெல்லிய அலுமினியத் தகட்டில் பென்சிலால் அழுத்தி எழுதுங்கள். கரி போனாலும் பள்ளம் நிற்கும், விரலால் தடவியே படிக்கலாம். அந்தத் தோட்டக்காரர் அதைச் செய்திருந்தால் இந்த ஒரு வருட அலைச்சலே இல்லை.

ஆ, வசந்தத்தில் பூத்த அந்த ஓரத்துப் பூ. வெள்ளை இதழின் விளிம்பில் ஊதா நூலால் தைத்தது போல இருந்ததே, அதற்குப் பிளிகேட்டா என்று பெயர். இரண்டு முறை பூக்கும் 'ஏர்ல் ஆஃப் எசெக்ஸ்' ரகம் போலத் தெரிகிறது, ஆனால் இது மறுபடி பூக்கவில்லை, இன்னொரு பருவம் பார்க்கிறேன்.

வெள்ளைக்கு இப்போதைக்குத் தகட்டில் எழுதியிருப்பது இதுதான்: 'இம்மார்ட்டாலிட்டி போல, உறுதியில்லை'. கீழே இரண்டு உயரமும் பூத்த தேதியும். இரண்டாவது தண்டு நாளைக் காலை விரியும் போலிருக்கிறது, வெயில் ஏறுவதற்குள் அதையும் அளந்து காட்டுகிறேன்.