போய்த் திரும்பும் பாட்டில்

அவையோர்க்கு வணக்கம்.

வேலூர்ப் பக்கம் கோலி சோடா கம்பெனி என்றால் வீட்டின் முன்கட்டுதான். ஒரு கைச்சுற்று மெஷின், ஒரு கேஸ் (கரியமில வாயு) சிலிண்டர், ஒரு தண்ணீர்த் தொட்டி, சுற்றிலும் வீட்டு ஆட்கள். அங்கே பணம் முடங்குவது பாட்டிலில். கடையில் ஒரு செட், வண்டியில் ஒரு செட், கழுவும் இடத்தில் ஒரு செட். நாளுக்கு 100 சோடா போட 300 பாட்டில் வேண்டும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

அந்தப் பாட்டிலுக்கு ஹைரம் காட் என்ற ஆங்கிலேயர் 1872-ல் காப்புரிமை பெற்றார். தனி மூடி கிடையாது. உள்ளே ஒரு கண்ணாடிக் கோலி, கழுத்துக்குள் ஒரு ரப்பர் வாஷர். உள்ளிருக்கும் கேஸே கோலியை அதில் அழுத்தி அடைக்கும். கழுத்தில் உள்ள பள்ளங்களைப் பலர் கவனிப்பதில்லை. அந்தப் பக்கம் கீழே இருக்கும்படி சாய்த்தால் கோலி அங்கேயே தங்கி வழிவிடும்.

போடும் முறைக்கு வருவோம். பாட்டிலில் முக்கால் அளவு தண்ணீர் பிடித்து, மெஷின் பெட்டியில் பொருத்தி, கேஸைத் திறந்து கைப்பிடியைச் சுற்ற வேண்டும். சுற்றச் சுற்றத்தான் கேஸ் தண்ணீரில் கலக்கும். பாட்டில் தலைகீழாக இருக்கும்போது நிறுத்தி, குழாயின் அழுத்தத்தை இறக்கிய பிறகே நிமிர்த்த வேண்டும். அவசரப்பட்டு முன்னதாக நிமிர்த்தினால் கோலி உள்ளே விழுந்துவிடும், போட்ட கேஸ் வீண்.

நம்மூர் வெயில்தான் பெரிய எதிரி. சாதாரணக் காற்றழுத்தத்தில் 1 லிட்டர் தண்ணீர் 0 டிகிரியில் சுமார் 1.7 லிட்டர் கேஸை ஏற்கும். 40 டிகிரியில் அரை லிட்டர்தான். அதனால் ஐஸ் போட்ட தண்ணீரில் சோடா போடுவார்கள். ஆனால் குளிரக் குளிரப் போட்ட பாட்டிலைச் சித்திரை வெயிலில் வண்டியில் வைத்தால் உள்ளே அழுத்தம் ஏறும், கீறல் விழுந்த பாட்டில் வெடிக்கும். வண்டியில் ஈரச் சாக்கு போர்த்துவது இதற்காகத்தான். குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா வைகாசி முதல் நாள் வருகிறது. கூட்டமும் வெயிலும் ஒன்றாக வரும் நாள் அது.

அடுத்தது தண்ணீர். பாலாற்றங்கரையில் தோல் பதனிடும் ஊர்களின் நிலத்தடி நீர் கெட்ட கதை 1996-ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வரை போனது. உப்பு நீரில் சோடா போட்டால் முதல் வாயிலேயே தெரியும். கார நீராக இருந்தால் எலுமிச்சைக் கலரின் புளிப்பு மழுங்கும்.

கழுவுவதும் லேசான வேலையில்லை. கோலி குறுக்கே நிற்பதால் பிரஷ் முழுதாக இறங்காது. சலவைச் சோடா கலந்த வெந்நீர் ஊற்றிக் குலுக்கி, வழவழப்புப் போகும்வரை அலச வேண்டும். கேஸ் இறங்கிய பாட்டில் திரும்பி வந்தால் முதலில் வாஷரைப் பாருங்கள், இறுகியிருக்கும். வாஷர் நன்றாக இருந்தால் கோலியில் கீறல்.

1977-ல் வெளியேறிய கோகோ கோலா 1993-ல் திரும்பியது. ஆனால் குடும்பக் கம்பெனியை அதிகம் அசைத்தது, என் கணிப்பில், தூக்கியெறியும் பிளாஸ்டிக் பாட்டில்தான். வண்டி ஒரே நாளில் போய்க் காலிப் பாட்டிலோடு திரும்பும் தூரமே அதுவரை எல்லை; அதற்குள் வெளியார் நுழைவது கடினம். பிளாஸ்டிக்குக்குத் திரும்பும் கவலையே இல்லை. 2017 மார்ச்சில் வணிகர் சங்கங்கள் அந்நியக் குளிர்பானங்களைப் புறக்கணித்தபோது உள்ளூர்ச் சோடாவுக்குக் கிராக்கி வந்தது. உடைந்துபோன பாட்டிலுக்கு ஈடாக உடனே புதுசு வாங்கக் கையில் காசு இருந்தவர்களுக்கே அது உதவியது.

இப்போது வரியும் சேர்ந்துகொண்டது. 2025 செப்டம்பர் 22 முதல் சர்க்கரை சேர்த்த கலருக்கு 40 சதவீதம், வெறும் சோடாவுக்கு 5 சதவீதம். மெஷினும் கேஸும் ஒன்றுதான். வித்தியாசம் பாட்டிலில் முதலில் ஊற்றும் அந்தக் கொஞ்சம் பாகு.